அட்டைச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சைக்கிள் ஓட்டப் பழகியவர் பத்து வருடம் கழித்து ஏறினாலும் ஓட்டிவிடுவார். அதே சைக்கிளின் பெடலைக் கழற்றப் போன வருடம் கற்றவர், இந்த வருடம் ஸ்பேனரைப் போட்டதும் எந்தப் பக்கம் திருப்புவது என்று நிற்பார். இரண்டும் கைப்பழக்கம்தான். ஆனால் மறதி இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இடைவிடாமல் ஓடும் உடல் அசைவு வருடக்கணக்கில் தங்கும். படிப்படியாகச் செய்யும் வேலை, அதிலும் எப்போதாவது செய்வது, சீக்கிரமே கழன்றுவிடும். ஃபிளாஷ்கார்டு (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் எழுதிய அட்டை) வைத்து ஒரு வேலை கற்க நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். அட்டை உதவுவது இரண்டாம் வகைக்கு. முதல் வகைக்கு எத்தனை அட்டை போட்டாலும் வீண்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இப்படித்தான்: ஒரு கையேட்டை எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக அட்டையாக்கி, தினமும் 20 புதிய அட்டை என்று ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலியில் ஓட்டுகிறார்கள். மூன்றாம் வாரம் தினசரி மீள்பார்வை 200-ஐ நெருங்குகிறது. அட்டையில் எல்லாம் சரியாக வருகிறது, வேலையில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் அட்டைச் சுரைக்காய் ஆனதுதான் மிச்சம். இதில் குறை சொல்ல வேண்டியது முன்பக்கத்தில் எழுதிய கேள்வியைத்தான்.

ஒரு வேலையைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஞாபகம் சம்பந்தப்பட்ட பங்கு ஓரளவுதான். எவ்வளவு அழுத்துவது, எப்போது கை தளர்த்துவது என்பதெல்லாம் விரல் கற்க வேண்டியது, அட்டையில் அடங்காது. ஆனால் வேலை நடுவில் நிற்கும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். அடுத்து என்ன? எந்தத் திசை? எவ்வளவு? இப்படித் தெரிகிறதே, எதனால்? இந்த நான்கும் ஞாபகத்தின் வேலை. இவற்றுக்குத்தான் அட்டை.

பெடலையே எடுத்துக்கொள்வோம். கெட்ட அட்டை இது:

முன்: சைக்கிள் பெடலை எப்படிக் கழற்றுவது?
பின்: 15 மி.மீ. ஸ்பேனர் எடுக்கவும். வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர்மரை. வலதை இடஞ்சுழியாகவும் இடதை வலஞ்சுழியாகவும் திருப்பவும். மாட்டும்போது கிரீஸ் தடவவும்.

இதில் நான்கு விஷயம் இருக்கிறது. மூன்று ஞாபகம் வந்து ஒன்று வராவிட்டால் எந்தப் பட்டனை அழுத்துவது? "கிட்டத்தட்டச் சரி" என்று தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொள்வோம், விட்டுப்போன அந்த ஒன்று கடைசிவரை விட்டுப்போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு கோளாறு: சைக்கிள் பக்கத்தில் நிற்பவருக்கு வலஞ்சுழி இடஞ்சுழி என்ற சொல் தோன்றாது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஸ்பேனரும் பின்சக்கரமும்.

அதையே இப்படி உடைக்கலாம்:

முன்: ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்தியாயிற்று. கழற்ற எந்தச் சக்கரத்தின் பக்கம் சாய்க்க வேண்டும்?
பின்: பின்சக்கரம். இரண்டு பெடலுக்கும் இதே விதி.

முன்: இடது பெடல் அசைய மறுக்கிறது. இன்னும் பலம் கொடுப்பதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?
பின்: திசையை. இடதில் எதிர்மரை. தவறான பக்கம் அழுத்தினால் மேலும் இறுகும்.

முன்: இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை ஏன்?
பின்: மிதிக்கும் பாரத்தில் பெடல் அச்சு, அதைத் தாங்கும் கிராங்கின் துளைக்குள் மிக நுண்ணிய அளவில் உருளும். அந்த உருளல் மரையைத் தளர்த்திவிடாமல் இருக்க.

மூன்றாவது அட்டை தேர்வுக் கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால் காரணம் தெரிந்தால் விதி மறந்தாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஒரு வேலைக்கு ஐந்து அட்டை இருந்தால் அதில் ஒன்றாவது "ஏன்" அட்டையாக இருக்கட்டும். அது இல்லாமல் வெறும் விதிகளை மட்டும் போட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டாத உதிரிகளாகத் தொங்கும், முதலில் கழல்வதும் அவைதான்.

முன்பக்கத்தில் நிலைமையை எழுதுங்கள், பின்பக்கத்தில் செயலை எழுதுங்கள். சால்டரிங் (ஈயம் உருக்கி மின் இணைப்பு போடுவது) செய்பவருக்கு "குளிர்ந்த இணைப்பு என்றால் என்ன?" என்ற அட்டை பயன்படாது. "ஈயம் உருண்டையாகத் திரண்டு நிற்கிறது, பேடில் படரவில்லை. எது சூடாகவில்லை?" என்று கேளுங்கள். பதில்: பேடு, அதாவது சர்க்யூட் போர்டில் கம்பி சேரும் உலோகத் திட்டு. சால்டரிங் முனை பேடையும் கம்பியையும் சேர்த்துத் தொட வேண்டும், ஈயத்தை முனையில் வைத்து உருக்கி ஊற்றாமல் இணைப்பில் கொடுக்க வேண்டும். பட்டறையில் கண் முன் வருவது உருண்டைதான், "குளிர்ந்த இணைப்பு" என்ற சொல் வராது. முடிந்தால் எழுத்தே வேண்டாம், உருண்டையின் புகைப்படத்தை முன்பக்கத்தில் வையுங்கள்.

எண்களுக்குத் தனி அட்டை. 63/37 ஈயக் கலவை (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும் என்பது ஒரு அட்டை, அதோடு வேறெதையும் ஒட்ட வேண்டாம். எண்ணைச் சொல்வதோடு நிற்காமல் அதைக் கையால் சரிபார்க்க வழியிருந்தால் சேர்த்துவிடுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பு அழுத்தும் சி.பி.ஆர். முறையில், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. "100 முதல் 120" என்று வாயால் சொல்வது யாருக்கும் உயிர் கொடுக்காது. அட்டையை இப்படி மாற்றுங்கள்: "15 விநாடி டைமர் வைத்து மேசையில் அழுத்த வேகத்தில் தட்டு. எண்ணிக்கை?" 25-க்கும் 30-க்கும் இடையே வந்தால் சரி. ஆழத்தை மட்டும் மேசையில் கற்க முடியாது. அதற்குப் பயிற்சிப் பொம்மையும் சொல்லித்தர ஆளும் வேண்டும். அட்டை அந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது. பயிற்சி முடிந்து சில மாதங்களிலேயே தேயத் தொடங்குவதைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

இங்கே வருவது "செய்" அட்டை. எனக்கு இந்த வகைதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஆனால் இதைப் போடுபவர்கள் குறைவு. அட்டை ஒரு வேலையைச் சொல்லும், எழுந்து செய்துவிட்டு வந்து மதிப்பெண் போட வேண்டும். உதாரணம்:

முன்: நாற்காலிக் காலைச் சுற்றி போலைன் முடிச்சு. பார்க்காமல். 10 விநாடி.
பின்: சிறு வளையம், நுனி கீழிருந்து மேலே, நிற்கும் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் கீழே. சோதனை: இழுத்தால் பெரிய வளையம் சுருங்கக் கூடாது.
எகெய்ன்: அவிழ்த்து மறுபடி தொடங்கினேன். ஹார்ட்: முடிந்தது, ஆனால் நடுவில் யோசித்தேன். குட்: ஒரே ஓட்டம்.

எகெய்ன், ஹார்ட், குட் என்பவை ஆன்கியில் பதிலைப் பார்த்ததும் அழுத்தும் மதிப்பெண் பட்டன்கள். அந்தக் கடைசி வரிதான் அட்டையின் உயிர். மதிப்பெண் விதியை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அன்றைய மனநிலைதான் மதிப்பெண் போடும். அவசரத்தில் இருந்தால் எல்லாமே குட். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஆன்கியில் ஹார்ட் என்பது தேர்ச்சி பட்டன். மறந்துபோனதற்கு ஹார்ட் அழுத்துகிறவர்கள் ஏராளம். தப்பாகச் சொல்லியும் அடுத்த இடைவெளி நீள்கிறதே என்று பிறகு குழம்புவார்கள். மறந்தால் எகெய்ன். கஷ்டப்பட்டாவது வந்தால் மட்டும் ஹார்ட்.

போலைனில் அடிக்கடி நடக்கும் தப்பு, முதல் சிறு வளையத்தைத் தலைகீழாகப் போடுவது. அதன் பிறகு நுனியை அதே வழியில் ஓட்டினாலும் இழுத்ததும் குலைந்துவிடும். இந்த மாதிரித் தப்புக்குத் தனி அட்டை போடலாம்: "போலைன் போட்டாயிற்று, இழுத்ததும் குலைந்தது. எங்கே தவறு?" சரியான முறையைச் சொல்லும் அட்டையைவிட, தப்பைக் காட்டிக் காரணம் கேட்கும் அட்டை வேலை நேரத்தில் அதிகம் கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் வேலைக்கு "செய்" அட்டை இன்னும் சுலபம். பக்கத்தில் டெர்மினலைத் திறந்து, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு வெற்று ஃபோல்டரில் பதிலைத் தட்டிப் பாருங்கள். விரல் தட்டியதை மட்டுமே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். "எனக்குத் தெரியும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஸ்பேஸ் பாரை அழுத்துவதுதான் இதில் பெரிய ஏமாற்று.

ஒன்றுபோல் இருக்கும் விஷயங்கள் தனித் தலைவலி. புரோகிராமர்கள் ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கப் பயன்படுத்தும் கிட்-டில், பதிவை (கமிட்) பின்வாங்கும் ரீசெட் கட்டளைக்கு சாஃப்ட், மிக்ஸட், ஹார்ட் என மூன்று முகம். மூன்றுக்கும் மூன்று விளக்க அட்டை போட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூன்றுமே மறக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். இங்கே விளக்கத்தைத் தூக்கிவிட்டு, தேர்வு செய்ய வைக்கும் நிலைமையைக் கொடுக்க வேண்டும்:

முன்: கடைசி கமிட்டில் ஒரு ஃபைல் விட்டுப்போயிற்று. கமிட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும், மாற்றங்கள் ஸ்டேஜிங்கிலேயே (அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைக்கும் இடம்) இருக்க வேண்டும்.
பின்: ரீசெட் சாஃப்ட்.

முன்: மூன்றில் எது ஃபைலில் உள்ள, கமிட் செய்யாத வேலையையும் அழிக்கும்?
பின்: ஹார்ட். அழுத்துவதற்கு முன் கிட் ஸ்டேட்டஸ் பார்.

முடிச்சிலும் இதே கதை. ரீஃப் முடிச்சும் கிரானி முடிச்சும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ரீஃபில் நுனிகள் கயிற்றோடு ஒட்டி இணையாக ஓடும், கிரானியில் குறுக்கே துருத்தி நிற்கும். இரண்டின் படத்தையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது வழுக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த அட்டையில் படத்தைத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் "இடது பக்கம் இருப்பதுதான் கிரானி" என்று மூளை குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். எழுத்து அட்டையிலும் அதே குறுக்குவழி உண்டு: முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் பதில் வருகிறதென்றால், மனதில் பதிந்திருப்பது அட்டையின் சாயல்தான். முன்பக்க வாக்கியத்தை மாற்றி எழுதிப் பாருங்கள், உண்மை வெளியே வந்துவிடும்.

அடுத்த மீள்பார்வை எப்போது என்ற கணக்கு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம். 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். முதல் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெல்லச் சரியும் கோடு அது. பொருளற்ற அசைக்கு வந்த கோட்டை அப்படியே சைக்கிள் பழுதுக்குப் பொருத்தக் கூடாது. புரிந்து கற்றது அவ்வளவு வேகமாக விழாது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைப் பெட்டி முறையைப் பரப்பினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தப்பானது முதல் அறைக்கு. 1987-இல் பியோட்ர் வோஸ்னியாக் சூப்பர்மெமோ என்ற மென்பொருளுக்காக எழுதிய எஸ்.எம்.-2 கணக்கில் முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதன்பின் தொடக்கத்தில் 2.5 மடங்கு. அதாவது 1, 6, 15, 38; ஐந்தாவது முறை சுமார் 3 மாதம். 2006-இல் வந்த ஆன்கி இதே கணக்கைத் திருத்தி நெடுநாள் ஓட்டியது. 2023 முதல் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கையும் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த இடைவெளி எல்லாமே ஞாபகத்துக்காகப் போட்டது, கைக்காக இல்லை. முடிச்சை நான்கு முறை சரியாகப் போட்டால் கணக்கு அடுத்ததை மாதக்கணக்கில் தள்ளிவிடும். ஆன்கியில் அதிகபட்ச இடைவெளி வழக்கமாக 36,500 நாள், நூறு வருடம்! "செய்" அட்டைகளைத் தனி டெக்கில் (அட்டைத் தொகுப்பில்) போட்டு, அதற்குத் தனி ஆப்ஷன்ஸ் வைத்து, அதிகபட்ச இடைவெளியை 30 அல்லது 45 நாளாக்குங்கள். புதிய அட்டையைக் கற்கும் படிகள் வழக்கமாக 1 நிமிடம், 10 நிமிடம். "செய்" டெக்கில் 10 நிமிடம் ஒன்றே போதும், ஒரு நிமிடத்துக்குள் திரும்பச் செய்தால் கை சூடு ஆறாமலே வந்துவிடும்.

எஃப்.எஸ்.ஆர்.எஸ்.-ஸில் ஞாபக இலக்கு வழக்கமாக 0.90, அதாவது மீள்பார்வையில் 90% ஞாபகம் வர வேண்டும். எல்லா டெக்குக்கும் ஒரே இலக்கு வைப்பது சோம்பேறித்தனம். முதலுதவி மாதிரி, தேடிப் பார்க்க நேரமில்லாத விஷயத்துக்கு 0.95 வையுங்கள். கீபோர்டு ஷார்ட்கட் மறந்தால் மெனுவில் தேடிக்கொள்ளலாம், அதற்கு 0.85 போதும். 0.95-க்கு மேலே ஏற்றினால் மீள்பார்வை எண்ணிக்கை எகிறும், பலன் அதே வேகத்தில் ஏறாது.

புதிய அட்டை தினமும் 20 என்பது மொழி கற்பவருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை புதிய அட்டையோ, நாளடைவில் தினசரி மீள்பார்வை ஏறக்குறைய அதன் பத்து மடங்கில் வந்து நிற்கும். 20 போட்டால் 200. அதில் பாதி எழுந்துபோய்ச் செய்ய வேண்டியது என்றால் வேறு வேலையே நடக்காது. எழுத்து டெக்கில் 5, "செய்" டெக்கில் 1 அல்லது 2. ஒரு வாரம் விட்டுப்போய் அட்டை குவிந்துவிட்டால் முதலில் புதிய அட்டையை 0 ஆக்குங்கள், குவியல் தீரும்வரை ஏற்றாதீர்கள். "இன்றே எல்லாவற்றையும் முடிக்கிறேன்" என்று 300 அட்டையைத் தள்ளினால் பட்டன் அழுத்தத்தான் பழகுவோம்.

எட்டு முறை மறந்த அட்டையை ஆன்கி லீச் (நேரத்தை உறிஞ்சும் அட்டை) என்று குறிக்கும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். பலர் அதை விடுவித்து மறுபடி மல்லுக்கட்டுகிறார்கள். லீச் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அட்டையை: இரண்டு விஷயம் ஒட்டியிருக்கிறதா, இன்னொரு அட்டையோடு குழம்புகிறதா, அந்த வேலையை நேரில் செய்தே பார்க்கவில்லையா? மூன்றாவது காரணம்தான் அதிகம். செய்யாத வேலைக்குப் போட்ட அட்டை எதிலும் ஒட்டாது. அதை அழித்துவிட்டு, வேலையைச் செய்த பிறகு புதிதாக எழுதுவது சுலபம்.

அதனால் அட்டை எழுதும் நேரம் வேலைக்குப் பிறகுதான். வேலை மேசையில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். எங்கே தேடிப் பார்த்தீர்களோ, எங்கே தப்பு வந்ததோ, எங்கே கை நின்றதோ, அங்கெல்லாம் ஒரு வரி கிறுக்குங்கள். அன்று மாலையே அதிலிருந்து அதிகபட்சம் ஐந்து அட்டை. மறுநாள் எழுதினால் "பிரேக் கேபிள்??" என்ற குறிப்புக்கு என்ன அர்த்தம் என்று அதையே தேட வேண்டியிருக்கும். அடுத்தவர் உருவாக்கிய டெக்கை இறக்கிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ரெசிஸ்டர் நிறக்குறி மாதிரி எல்லோருக்கும் ஒன்றான பட்டியலுக்கு அது சரி. கை நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு.

எழுதுவதைப் போலவே அழிக்கவும் தெரிய வேண்டும். தினமும் செய்யும் வேலைக்கு வேலையே மீள்பார்வை, அதற்கு அட்டை எதற்கு? இரண்டு வாரமாகத் தினமும் கையில் வந்த ஷார்ட்கட்டை டெக்கிலிருந்து தூக்குங்கள். அட்டைக்கு உகந்தவை அபூர்வமாக வந்து, வரும்போது தப்பக் கூடாதவை: பேக்கப்பிலிருந்து மீட்டெடுப்பது, ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுப்பது, அழித்த கிளையை கிட் ரீஃப்லாக்கில் (கிட் வைத்திருக்கும் நகர்வுப் பதிவேட்டில்) தேடி மீட்பது. ரீஃப்லாக்கில் எந்தக் கிளையிலும் சேராத பதிவு வழக்கமாக 30 நாள்தான் தாங்கும் என்ற எண்ணையும் அந்த அட்டைகளோடு தனி அட்டையாகப் போட்டுவிடுங்கள்.

கையில் கிரீஸோடு போனைத் தொட முடியாதவர்களுக்கு லைட்னரின் காகிதப் பெட்டியே மேல். ஐந்து அறை, முதல் அறை தினமும், அடுத்தவை 2, 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை. கடைசி அறையைத் தாண்டிய "செய்" அட்டையைத் தூக்கிப் போடாமல் மாதம் ஒருமுறை எடுங்கள்.

மாதம் ஒருமுறை முழு வேலையையும் அட்டை இல்லாமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பார்க்கவும் ஒரு அட்டை வேண்டும்: "பின்சக்கரத்தைக் கழற்று, டியூபை எடு, மாட்டு, செயினைப் பல்சக்கரத்தில் ஏற்று. கை நின்ற இடங்களை எழுது." இதற்குப் பின்பக்கத்தில் பதில் கிடையாது, தேதியும் நின்ற இடங்களும் மட்டும். மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்துக்கு எழுதிய அட்டை தவறான கேள்வியைக் கேட்கிறது. கிழித்துவிட்டு, கை நின்றபோது கண்ணில் பட்டது எதுவோ அதை முன்பக்கத்தில் எழுதுங்கள்.